மூன்றாம் மாடிச் சிவப்பு

ஜெர்மனியின் லாண்ட்ஸ்ஹூட் ஊரில் கல்யாணம் வருகிறதா என்று தெரிந்துகொள்ள நாள்காட்டி பார்க்க வேண்டியதில்லை. ஆண்கள் முடிவெட்டிக்கொள்வதை நிறுத்திவிடுவார்கள். வங்கியில் உட்கார்ந்திருப்பவர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், குழாய் பழுது பார்க்கிறவர் என்று எல்லோருக்கும் பனிக்காலத்தில் முடி காதை மூடும். மரங்கள் துளிர்க்கும்போது தோளைத் தொடும். ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால் போலந்திலிருந்து வந்த ஓர் இளவரசிக்கும் இந்த ஊர்ப் பிரபுவின் மகனுக்கும் நடந்த கல்யாணம் அது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, கோடையின் நடுவில், ஊரே கூடி அதை மறுபடியும் நடத்துகிறது. பொய்முடி வைக்கக் கூடாது. கைக்கடிகாரம் கூடாது, நகச்சாயம் கூடாது. மூக்குக்கண்ணாடி கூடவே கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் ரோஸ்வித்தா கீர்மையருக்கு ஒரு சொத்து இருந்தது.

அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பிறந்தது இசார் ஆற்றங்கரையில், ஆறு பெருகினால் நிலவறையில் உருளைக்கிழங்கு மிதக்கும் வீட்டில். அவள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெண் ஓட்டுநர்கள் அபூர்வம். முதல் நாள் ஒரு கிழவர் ஏறி, அவளைப் பார்த்துவிட்டு இறங்கிப்போனார். மறுநாள் மழை பெய்தது, ஏறிக்கொண்டார். அதன்பின் சாகும்வரை அவளுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில்தான் உட்கார்ந்தார். அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு யார் ஓட்டினாலும் குறை சொன்னார். அந்த ஊரில் பாராட்டு என்பது அப்படித்தான் இருக்கும்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியைக் கழற்றினால் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் உலகம் கரைந்துபோகும். கல்யாண ஊர்வலத்தில் பட்டணத்துப் பெண்கள் வரிசையில், பச்சைத் தலைத்துணி கட்டி, ரொட்டிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது அவள் வேடம். மற்ற பெண்கள் கண்ணுக்குள் வில்லை போட்டுக்கொண்டு வருவார்கள். அதை யாரும் சோதிப்பதில்லை. ரோஸ்வித்தா மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். கண் எரிகிறது என்று காரணம் சொன்னாள். ஆகவே பெரிய வீதி முழுவதும் பள்ளித்தோழி இர்மியின் பாவாடை மடிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

“பஸ்ஸு ஓட்டறவளுக்கு வழிகாட்டி நானு. வெளியில சொன்னா ஊர்ல ஒருத்தனும் உன் வண்டில ஏறமாட்டான்” என்பாள் இர்மி. அவள் மருந்துக்கடையில் நின்று நின்று ஊரின் மூட்டுவலி, மூலநோய் அனைத்தையும் அறிந்தவள். யார் மேலும் அவளுக்கு அதிக மரியாதை மிச்சமில்லை.

ரோஸ்வித்தாவின் உண்மையான காரணம் வேறு. மற்றவர்கள் நடித்தார்கள். இளவரசியாக வரும் பெண்ணுக்கு எதிரே உயர்த்திப் பிடித்த கைபேசிகள் தெரிந்தன. குதிரைவீரனுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்ப்பலகை தெரிந்தது. ரோஸ்வித்தாவுக்கு இவை எதுவும் தெரியாது. முக்கோண நெற்றி வைத்த வீடுகள் தண்ணீரில் விழுந்த சாயம்போல மஞ்சளும் ரோஜாவுமாக நெளியும். மார்ட்டின் கோவிலின் செங்கல் கோபுரம் புகைபோல எழுந்து வானத்தில் எங்கோ முடிந்துபோகும். இரு பக்கமும் ஜனம் ஒரு நிறம், ஒரு இரைச்சல். எங்கிருந்தோ எக்காளம் கேட்கும். குதிரைச் சாணமும் மிதிபட்ட தழையும் மணக்கும். அத்தனை பேரில் அந்தப் பழைய நூற்றாண்டுக்கு உண்மையாகவே போய்வந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தக் கலங்கலில் ஒரே ஒரு தெளிவு இருந்தது. ஹார்ட்முட் அவளை விட்டுப்போன வருஷம் அது தொடங்கியது.

ஹார்ட்முட் அவள் கணவன். அந்த வசந்தத்தில், ஸ்ட்ரௌபிங்கில் பூக்கடை வைத்திருந்த ஒருத்தியோடு போய்விட்டான். சண்டையில்லை, சத்தமில்லை. “நீ எப்பவும் எங்கேயோ பார்த்துக்கிட்டு இருக்கே” என்று மட்டும் சொன்னான். அந்தக் கோடையில் கல்யாணம். போகவே வேண்டாம் என்றிருந்தவளை இர்மி இழுத்துக்கொண்டு போனாள். பெரிய வீதியின் வளைவில், வெளிர்மஞ்சள் வீடொன்றின் மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு சிவப்பு அசைந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு கை. அது அவளைப் பார்த்துத்தான் ஆடியது. ரோஸ்வித்தா தலையை நிமிர்த்தி “ஹாலோ!” என்று கத்தினாள். ஊர்வலத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்து அப்படித்தான் கத்துவார்கள். ஆனால் அந்தச் சிவப்பு இன்னும் வேகமாக ஆடியது. அன்று அவள் அழாமல் வீதியின் கடைசிவரை நடந்தாள்.

கல்யாண மாதத்தில் ஞாயிறுதோறும் ஊர்வலம் உண்டு. அடுத்த ஞாயிறும் அது இருந்தது. நான்கு வருஷம் கழித்து அடுத்த கல்யாணத்திலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். அவள் பேருந்து அந்த வீட்டின் கீழேதான் தினமும் போகிறது. ஆனால் வண்டி ஓட்டுகிறவர்கள் மூன்றாம் மாடியைப் பார்ப்பதில்லை. நடந்துபோகும் நாட்களிலும் அவள் நிமிர்ந்ததில்லை. கல்யாணத்தில் இருப்பது கல்யாணத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மனதில் மட்டும் மெலிந்த ஒரு பெண் அங்கே குடியிருந்தாள். சில வருஷம் அவளுக்கு நரைத்தது. சில வருஷம் நரைக்கவில்லை.

பிறகு நோய்க்காலம் வந்தது. கல்யாணம் தள்ளிப்போனது. அந்த நீண்ட இடைவெளியில் ரோஸ்வித்தாவின் கண்ணில் புரை வளர்ந்தது. சாயங்காலத்தில் எதிரே வரும் விளக்குகள் டான்டெலியன் பூவின் பஞ்சுத்தலைபோல விரிந்தன. வசந்தத்தில் நடந்த கண் சோதனையில் தேறவில்லை. வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் ஃபெட்டர்சன் வடக்கே கடற்கரைப் பக்கத்துக்காரர். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

“புரை முத்திப்போச்சும்மா. இதுக்கு மேல தள்ளிப்போட்டா கல்லு மாதிரி இறுகிடும். ரெண்டு கண்ணுலயும் எடுத்துடலாம்.”

“கல்யாணம் முடிஞ்சதும் வர்றேன் டாக்டர்.”

“யாருக்குக் கல்யாணம்?”

ரோஸ்வித்தா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “ஊருக்கு.”

“ஓ, அதுவா! வர்ற பேஷண்ட் எல்லாம் சடை வளத்துக்கிட்டு வர்றாங்களேன்னு பார்த்தேன். அதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?”

சம்பந்தத்தை விளக்க அவளுக்குத் தெரியவில்லை. வேலை வேண்டும் என்றால் கண் வேண்டும். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மோசமாக இருந்த வலது கண் இப்போது. இடது கண் ஆகஸ்டில்.

“ஊர்வலத்துல குதிரைத் தூசி இருக்குமே?” என்று கேட்டார் டாக்டர்.

“குதிரைங்க எங்களுக்கு முன்னாடிதான் போகும்.”

“அப்ப இன்னும் மோசம்.”

கண்கட்டை அவிழ்த்த காலையில் அவள் ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கோபுரத்தில் செங்கற்கள் இருந்தன. தனித்தனியாக, சுண்ணாம்புக் கோடுகளோடு. வானம் இத்தனை நீலம் என்பதை மறந்துபோயிருந்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோது, யாரோ தன் முகத்தைக் கசக்கித் திரும்ப விரித்துவைத்தது போலிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதெல்லாம் வேண்டித்தான் இருந்ததா என்பது வேறு கேள்வி.

இரண்டாம் கண் ஆகும்வரை ஓட்டக் கூடாது. அதனால் பணிமனையில் தொலைந்த பொருள்கள் பிரிவில் உட்காரவைத்தார்கள். குடைகள், ஒற்றைக் கையுறைகள், ஒரு எக்காளம், ஒரு ஜதைப் பொய்ப்பல். வேலை குறைவு. அவள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். வலது கண்ணை மூடினால் அலமாரி மேகமாகும். இடதை மூடினால் ஒவ்வொரு குடையின் கம்பியும் தெரியும். மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருப்பாள். பொருளைத் தேடி வருகிறவர்கள் அடையாளம் சொல்லும்போது எப்போதும் இருப்பதைவிட அழகான ஒன்றைத்தான் சொன்னார்கள். கருநீலக் குடை, வெள்ளிப் பிடி என்பார்கள். அலமாரியில் இருப்பதோ வெளுத்துப்போன குடை, பிளாஸ்டிக் பிடி. ஆனால் கையில் கொடுத்ததும் அதுதான் என்று தெரிந்துகொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு வாங்கிக்கொண்டு போவார்கள்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அவள் இர்மியிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். முதல் தடவையாக. இருவரும் ஆற்றங்கரையில் பீர்த் தோட்டத்தில், சீவி உப்பிட்ட முள்ளங்கியை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இத்தனை வருஷமா ஒருத்தி கையாட்டுறா. ஒருநாள்கூட மேல ஏறி மணி அடிச்சுப் பார்க்கலையா நீ?”

“தோணலை.”

“தோணலையா, பயமா?”

ரோஸ்வித்தா ஒரு முள்ளங்கித் துண்டை எடுத்து உப்பை உதறினாள்.

“அது வெறும் கொடியா இருந்தா? கல்யாணத்துக்கு வீட்டுக்கு வீடு கொடி தொங்கவிடுறான்.”

“கொடி, கூப்பிட்டா ஆடுமா?”

“கொடி காத்துக்கு ஆடும்டி. நீ கத்தறதும் காத்துதானே.” சொல்லிவிட்டு இர்மி அவள் முகத்தைப் பார்த்தாள். முள்ளங்கித் தட்டைக் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள். “சரி விடு. இந்தத் தடவைதான் தெரிஞ்சுடுமே.”

அதுதான் ரோஸ்வித்தாவைத் தூங்கவிடாமல் செய்தது. அங்கே யாரும் இல்லையென்றால், ஹார்ட்முட் போனபின் வந்த கோடையில் அவளைத் தாங்கி நடக்கவைத்தது எது? அதற்குப் பிறகு வந்த வருஷங்களில், பணிமனை வெளிச்சத்தில் தனியாக ரொட்டி தின்ற சாயங்காலங்களில், ஊரில் தன்னைத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாளே, அது யார்?

முதல் ஞாயிறு வந்தது. ஊர்வலம் கிளம்பும் இடத்தில் உடை சோதிக்கும் அம்மா ஒவ்வொருவரின் கையையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இவளை நல்லா பாருங்க” என்றாள் இர்மி. “கண்ணுக்குள்ள பிளாஸ்டிக் வெச்சிருக்கா. அந்தக் காலத்துல அது கிடையாது.”

“கழட்ட முடியுமா?” என்று அந்த அம்மா தீவிரமாகக் கேட்டாள்.

“முடியாது.”

“அப்ப கண்ணை அகலமாத் திறக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவளிடம் போனாள்.

முரசு அதிர்ந்தது. வரிசை நகர்ந்தது. வலது கண்ணால் ரோஸ்வித்தா தன் ஊரைப் பார்த்தாள். முன்னால் நடந்த பெண்ணின் பின்கழுத்தில் வெயில் சுட்ட தோல் உரிந்திருந்தது. ஓரத்தில் ஒருவர் பன்றித்தொடையைத் தின்றபடி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வீதியின் வளைவு நெருங்கியதும் அவள் வலது கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உடனே எல்லாம் கரைந்தது. மஞ்சள் வந்தது. மஞ்சளில், உயரே, சிவப்பு.

“ஹாலோ!”

சிவப்பு துள்ளி ஆடியது. நெஞ்சில் பழைய சூடு பரவியது.

இரண்டாம் ஞாயிறு தூறல். மஞ்சள் வீடு நனைந்து தேன்நிறமாயிருந்தது. கண்ணை மூடினாள், கூப்பிட்டாள், சிவப்பு ஆடியது. ஆனால் சூடு வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி, ஈரமான தலைத்துணியைக் காயப்போட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தாள். முன்பு அவளுக்குத் தெரியவில்லை. இப்போது அவள் பார்க்காமல் இருக்கிறாள். இரண்டும் ஒன்றல்ல. தெரியாமல் இருந்தபோது அந்தப் பெண் அங்கே தானாக நின்றாள். இப்போது அவளை நிற்கவைப்பது ரோஸ்வித்தாவின் ஓர் இமை. அத்தனை பாரத்தை ஓர் இமையால் எத்தனை நாள் தாங்க முடியும்?

மூன்றாம் ஞாயிறு அவள் கண்ணை மூடவில்லை.

ஜன்னலில் ஒரு தடித்த ஆள் நின்றிருந்தார். வழுக்கைத்தலை, கறுப்புக்கண்ணாடி. ஒரு கையில் கைபேசியைப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கையில் ஒரு சிவப்புத் திண்டு. ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் சாதாரணத் திண்டு.

ரோஸ்வித்தா ஹாலோ சொல்லாமல் நடந்தாள்.

மேலே அந்த ஆள் காத்திருந்தார். கீழே பார்த்தார். பின்னாலிருந்து யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். திண்டைச் சும்மா ஒருமுறை ஆட்டினார். பதில் வரவில்லை. குனிந்து இன்னும் பலமாக ஆட்டினார். திண்டு கையைவிட்டு நழுவியது. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, நேராகப் பட்டணத்துப் பெண்கள் வரிசையில் வந்து விழுந்தது.

ஜனம் கைதட்டியது. இதுவும் கல்யாணத்தில் உள்ளதுதான் என்று நினைத்துவிட்டார்கள்.

இர்மி அதை எடுத்துப் பார்த்தாள். “ஜிப்பு! ஐயோ, ஜிப்பு வெச்சிருக்குடி! மறை, மறை!” ரொட்டிக் கூடையில் திணித்தாள். அது அடங்காமல் பிதுங்கியது. ஓரத்தில் தைத்திருந்த துணிச்சீட்டு வெளியே தொங்கியது. “நாப்பது டிகிரில துவைக்கணுமாம். பிரபு வீட்டு வண்ணாத்திகிட்ட சொல்லிடு.” அவள் சிரித்துச் சிரித்து மூச்சுவாங்கினாள். பிறகு ரோஸ்வித்தாவைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். தன் பாவாடை மடிப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அன்று ரோஸ்வித்தாவுக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

ஊர்வலம் முடிந்ததும் எல்லோரும் ஆற்றோரப் புல்வெளியில் கூடாரங்களுக்குப் போனார்கள். ரோஸ்வித்தா போகவில்லை. தொலைந்த பொருள் கையில் இருக்கும்போது அவளால் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பச்சைத் தலைத்துணியோடும் கூடையோடும் மஞ்சள் வீட்டின் வாசலுக்கு வந்தாள். கணக்குத் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகம் என்று பலகை சொன்னது. மணியை அடித்தாள். இத்தனை வருஷம் தள்ளிப்போட்ட காரியம், விரல் நுனியில் ஒரு நொடியில் முடிந்துவிட்டது.

மேலே கதவு திறந்ததும் அறை அமைதியானது. உருளைக்கிழங்கு சாலட் தட்டுகளோடு நின்றிருந்தவர்கள், வாசலில் வந்து நிற்கும் பழைய நூற்றாண்டைப் பார்த்தார்கள்.

“பச்சைத் தலைத்துணி!” என்று கூவிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ளும் திருமதி ஸ்டாங்கல். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. “உள்ள வாங்க, உள்ள வாங்க! இன்னிக்குக் கூப்பிட மறந்துட்டீங்களே! தவிச்சுப்போயிட்டோம்.”

“விழுந்துடுச்சு. குடுக்கலாம்னு வந்தேன்.”

தடித்த ஆள் முன்னால் வந்தார். கறுப்புக்கண்ணாடியைக் கழற்றியிருந்தார், கண்கள் சின்னதாகவும் கவலையாகவும் இருந்தன. “என் மேலதாங்க தப்பு. சரியா ஆட்டலை போல. நான் வெளியூரு. இவங்க காலையிலேர்ந்து சொல்லிக் குடுத்தாங்க, பச்சைத் தலைத்துணி ஹாலோங்கும், உடனே ஆட்டணும்னு. நீங்க கூப்பிடலைன்னதும் பதறிட்டேன்.”

“ஆட்டணும்னு யார் சொன்னது?” ரோஸ்வித்தாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“அது வழக்கம்” என்றாள் திருமதி ஸ்டாங்கல். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்க வாடிக்கையாளர்ல ஒருத்தருக்கு அந்த வேலை. எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க எங்கிட்டச் சொல்லிட்டுப் போனாங்க. அவங்களுக்கு, அதுக்கு முன்னாடி இங்க இருந்த பல் டாக்டர் வீட்டம்மா சொன்னாங்களாம். முதல் முதல்ல யாருன்னு தெரியலை. சும்மா சாஞ்சுக்கிறதுக்குப் போட்ட திண்டாம். கீழேயிருந்து ஒருத்தி இதைப் பார்த்து ஹாலோன்னு கத்தினாளாம். திண்டைப் பார்த்து! பாவமா இருந்துச்சாம். எடுத்து ஆட்டினாங்களாம்.”

அறையில் சிலர் சிரித்தார்கள். ரோஸ்வித்தா கூடையைக் கீழே வைத்தாள். சிவப்புதான் முதலில் அசைந்தது என்று இத்தனை வருஷம் அவள் நினைத்திருந்தாள்.

“பழைய திண்டு பூச்சி அரிச்சுடுச்சு” என்று திருமதி ஸ்டாங்கல் குரலைத் தாழ்த்தினாள். “இதே சிவப்புக்காக ரேகன்ஸ்பர்க் வரைக்கும் போய்த் தேடினேன். கொஞ்சம் வெளிர்ப்பா இருக்கோன்னு பயம். கீழேயிருந்து தெரியுதா?”

“இல்ல” என்றாள் ரோஸ்வித்தா. “அதே சிவப்புதான்.”

“அப்பாடி! நீங்களும் ரொம்ப நல்லா பண்றீங்க. போன கல்யாணத்துல வந்தவங்களும் நல்லாதான் பண்ணாங்க. தலைத்துணியை மட்டும் அப்படியே வெச்சுக்கிட்டு ஆளை மாத்திடுவாங்க, இல்லையா?”

“போன தடவையும் நான்தான்.”

“அதுக்கு முந்தி?”

“அதுவும்.”

“ஒரே ஆளா?” திருமதி ஸ்டாங்கல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நாங்க, ஊர்வலத்துல இது ஒரு வேஷம்னு நினைச்சோம். இளவரசி மாதிரி.” அவள் முகத்தில் லேசான ஏமாற்றம் கடந்துபோனது. ரோஸ்வித்தாவின் வலது கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

தடித்த ஆள்தான் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். யாரோ தட்டை நீட்டினார்கள். அவள் ஜன்னலருகே உட்கார்ந்து கீழே பார்த்தாள். வீதி காலியாகிக்கொண்டிருந்தது. மிதிபட்ட தழை, சாணம், ஒரு ஒற்றை ரிப்பன். இங்கிருந்து பார்த்தால் பச்சைத் தலைத்துணிக்குக் கீழே முகம் தெரியாது என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

அந்த வாரம் முழுவதும் குடைகளுக்கு நடுவில் அவளுக்கு ஒரே நினைப்பு. மெலிந்த அந்தப் பெண் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவள் போன இடத்தில் ஒரு வெற்றிடம், பல் பிடுங்கிய இடம்போல. ஆனால் நாக்கு அங்கே போய்ப் போய் வந்ததில் வேறொன்று தட்டுப்பட்டது. இளவரசியும் அப்படித்தானே? நான்கு வருஷத்துக்கு ஒருத்தி. பழையவள் அடுத்த தடவை ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கையாட்டுவாள். ஆனால் பொன்வண்டி வளைவில் திரும்பும்போது யாரும் இன்னாருடைய மகள் வருகிறாள் என்று சொல்வதில்லை. மணப்பெண் வருகிறாள் என்கிறார்கள். அது பொய்யென்று யாருக்கும் தோன்றியதில்லை. முன்பின் தெரியாத எத்தனையோ பேர், ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி, அவள் கூப்பிட்டால் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிவப்புக்காக ஒருத்தி ஊர் ஊராகப் போயிருக்கிறாள். ஹார்ட்முட் அவளுக்காகக் கடைத்தெருவரை போனதில்லை.

ஆனால் இது ஆறுதலா, உண்மையா? இரண்டும் ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு வந்து நின்றால் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நடுவில் டாக்டரைப் பார்க்கப் போனாள். வலது கண் நன்றாக ஆறியிருந்தது.

“இடதுக்கு லென்ஸ் சொல்லி வைக்கணும்மா. தூரத்துக்கா, கிட்டத்துக்கா?”

“கிட்டத்துக்குன்னா?”

“படிக்கத் தைக்கக் கண்ணாடி வேணாம். ஆனா தூரத்துல இப்ப மாதிரியே மங்கலாதான் இருக்கும். வண்டி ஓட்டறப்போ கண்ணாடி போட்டுக்கணும். பொதுவா எல்லாரும் தூரம்தான் கேப்பாங்க.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு, டாக்டர்.”

கடைசி ஞாயிறு. வெயில் வெள்ளையாக அடித்தது. கிளம்புமுன் இர்மி கேட்டாள்: “எந்தக் கண்ணுடி இன்னிக்கு?”

“தெரியலை.”

“எதுவா இருந்தாலும் வாயைத் திற. அந்தத் தடியன் அழுதிருப்பான்.”

வளைவு வந்தது. ரோஸ்வித்தா எந்தக் கண்ணையும் மூடவில்லை. இரண்டும் இரண்டு ஊரைக் காட்டின. ஒன்றின் மேல் ஒன்று படிந்து, எதுவும் எதையும் மறைக்காமல் நின்றன. மூன்றாம் மாடியில் அன்று திருமதி ஸ்டாங்கலே நின்றிருந்தாள். விருந்தினருக்கே கொடுத்துக்கொண்டிருந்தவள், முதல்முறையாகத் திண்டைத் தன் கையில் பிடித்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கொக்கிக்கும் திண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருந்தது, இனி விழக் கூடாது என்று. இவ்வளவும் வலது கண். இடது கண்ணில், மஞ்சளுக்கு நடுவே, உயரே, அதே சிவப்பு காத்துக்கொண்டிருந்தது. ஹார்ட்முட் போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே.

அவள் கூடையை இடுப்பில் சரிசெய்து, தலையைப் பின்னால் சாய்த்தாள். முகம் தெரியட்டும் என்று தலைத்துணியைக் கொஞ்சம் மேலே தள்ளினாள்.

“ஹாலோ!”

சிவப்பு எழுந்தது. கயிறு இழுபட்டு, ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொள்ள, திருமதி ஸ்டாங்கல் இரண்டு கையாலும் ஆட்டினாள். சூடு வந்தது. பழையதைப்போல் மென்மையாக இல்லை, கொஞ்சம் குத்தியது, ஆனால் வந்தது. பக்கத்தில் இர்மி, இத்தனை கல்யாணத்தில் முதல்முறையாக அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்து, காது கிழியக் கத்தினாள்: “ஹாலோ! கயிறு நல்லா இருக்கு!”

திங்கட்கிழமை ஊரில் முடிதிருத்தும் கடைகளின் வாசலில் எல்லாம் வரிசை நின்றது. வெட்டுப்பட்ட கூந்தல் மூட்டைமூட்டையாக வெளியே வந்தது. ஆண்கள் வெளுத்த கழுத்துகளோடு ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். ரோஸ்வித்தா குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து டாக்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

“கிட்டத்துக்கே வெச்சுடுங்க.”

“தூரத்துல மங்கலா இருக்கும், பரவாயில்லையா?” என்று அந்தப் பக்கத்துப் பெண் திரும்பக் கேட்டாள்.

“பரவாயில்லை. தூரத்துக்குத்தான் இன்னொண்ணு இருக்கே.”